ஒரு நிறமூர்த்தம் கூடிப்போனவன்

1

ஊரில் சஞ்சிகை நடத்தும் நண்பர் ஒருவர், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார். பனி எப்படி விழும், பஸ்ஸுக்கு எப்படி வரிசையில் நிற்பார்கள், ஹலால் இறைச்சிக்கு என்ன செய்கிறோம், இவையெல்லாம் வாசகர்களுக்குப் பிடிக்குமாம். அப்படியே எழுதலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை அந்த எண்ணம் மாறிவிட்டது.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை நகரத்தில். பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வேலைக்குப் போகும் வழியில் சுகாதார நிலையத்தில் இறங்கி ஓர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பல வருடங்களாக இது நடக்கிறது. வழக்கமாக ஊசி போடும் தாதி ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இன்று அவருடைய இடத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். என் கோப்பை விரித்துவைத்து விபரங்களைச் சரிபார்த்தாள். பெயர், முகவரி, வயது. பிறகு தலை நிமிராமலே, "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"அதற்கென்ன, ஆண்களுக்குக் காலம் இருக்கிறதே" என்று சிரித்தபடி பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்ததும் அவள் கழுத்து சிவந்துபோனது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மருந்தை எடுப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசியை மட்டும் நன்றாகத்தான் போட்டாள்.

என்னைப்போல் வெளியே வந்தவர்கள் எழுதும்போது, பிள்ளைகள் கைவிட்டுப் போவதைப் பற்றி எழுதுவார்கள். மகன் பள்ளிவாசலுக்கு வருகிறான் இல்லை, மகளுக்குத் தமிழ் மறந்துபோச்சு என்று வருத்தப்படுவார்கள். எனக்குத் தமிழை மறக்கவும் ஒரு பிள்ளை இல்லை. அது ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பனியைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

2

நான் சாய்ந்தமருதில் பிறந்தவன். வாப்பா நெல் வாங்கி விற்பவர். கல்முனைச் சந்தைப் பக்கம் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. அண்ணனை நாங்கள் காக்கா என்போம். என் காக்கா சின்ன வயதிலேயே வாப்பாவோடு கடையில் நிற்கத் தொடங்கிவிட்டார். நானும் நிற்க வேண்டியவன்தான்.

எனக்குப் பேச்சு பிந்தித்தான் வந்தது. பதினைந்து வயதில் வகுப்பில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக இருந்தேன். மற்றவர்களுக்கு மீசை அரும்பியபோது எனக்கு ஒன்றும் அரும்பவில்லை. நெஞ்சு மட்டும் பெண்பிள்ளைகளுக்குப் போல லேசாகத் திரண்டது. அதற்குப் பிறகு நான் கடலில் குளிக்கவில்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கிணற்றடியிலும் சேர்ட்டோடுதான் குளிப்பேன். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் நாலைந்து பேர் என்னைப் பிடித்து வைத்துச் சேர்ட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். வைத்தவர்கள் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்கள்தான். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

உடம்பைச் சேர்ட்டால் மறைத்தேன். மனதை மறைக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யாராவது வேகமாகக் கதைத்தால் பதில் நெஞ்சுக்குள் இருக்கும், வாய்க்கு வராது. சொல் வருவதற்கு முன் கோபம் வந்துவிடும். கோபம் போன கையோடு அழுகை வரும். கடையில் ஒரு வியாபாரி என் கணக்கைப் பார்த்துச் சிரித்தால் போதும், தராசுப் படியைத் தூக்கி எறிவேன். எறிந்துவிட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போயிருந்து அழுவேன். வாப்பா தேடி வருவார்.

"ஆம்பிளப் புள்ள அழுறதா? எழும்பு. ஆரும் பாக்க முந்தி மூஞ்சக் கழுவு."

அவர் ஒருநாளும் எனக்கு அடித்ததில்லை. என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். அடித்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

3

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே போய் இருக்க வேண்டும். நானும் ஒரு பெட்டியோடு றஹீமாவின் வீட்டுக்குப் போனேன். அதே ஊர், நாலு ஒழுங்கை தள்ளி.

றஹீமா கெட்டிக்காரி, வாயாடி. ஆனால் நான் கதைக்கத் தொடங்கினால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவாள். சொல் வராமல் நான் தடுமாறும்போது, "ஆறுதலாச் செல்லுங்க. எனக்கொரு அவசரமுமில்ல" என்று சொல்லவைப்பாள். அந்த வீட்டில் முதல் இரண்டு வருடம் நான் ஒன்றையும் தூக்கி எறியவில்லை. கணவன் மனைவிக்கு நடுவில் இருந்ததை எழுதத் தேவையில்லை. குறையென்று நாங்கள் இருவரும் நினைத்ததில்லை என்பதைச் சொன்னால் போதும்.

பிள்ளை மட்டும் வரவில்லை.

மாமி, அதாவது றஹீமாவின் உம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு அலையத் தொடங்கினார். ஒரு பரிசாரியார் வேரும் பட்டையும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிரட்டை. அவள் குடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடுவாள். வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் குடிப்பாள். அது சரிவரவில்லை என்று வேறொருவரிடம் போனார்கள். தாயத்து கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், ஸியாரத்தில் அடங்கியிருக்கும் அவுலியாவுக்கு நேர்ந்தார்கள். மட்டக்களப்பில் ஒரு பெரிய டொக்டரிடமும் காட்டினோம். அவர் என்னைப் பார்த்து, "நீங்க வெளிய இருங்க" என்றார். நான் வெளியே வாங்கில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவளை என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, பொறுத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்.

ஒரு நாள் குசினிக்குள் அவள் மாமியிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"இவரையும் ஒருக்காக் காட்டிப் பாத்தா என்ன உம்மா?"

"அல்லாஹ்வே, இவள்ட கதையப் பாரு! ஆறடி ஆம்பிள, தூணப் போல நிக்கார். அவருக்கு என்னத்தக் காட்டுற? வயிறு உனக்குத்தானே இரிக்கி."

தூண் விறாந்தையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போய், ஓம், என்னையும் காட்டுங்கள் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆணுக்கும் அப்படி ஒன்று இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் றஹீமாவை மலடி என்று சொல்லத் தொடங்கினார்கள். அவளுக்குக் கேட்கும்படிதான் சொன்னார்கள்.

எழுபத்தெட்டுக் கடைசியில் சூறாவளி வந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாக விழுந்து கிடந்தன. கூரை போனவர்கள் எல்லோரும் எழும்பி ஆணி தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூரை போகவில்லை. நான்தான் எழும்பவில்லை. பாயில் படுத்தவன் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தேன். கடைக்குப் போகவில்லை, ஜும்ஆவுக்குப் போகவில்லை. எழும்ப வேண்டும் என்று நினைப்பேன். நினைப்புக்கும் காலுக்கும் நடுவில் எதுவோ அறுந்து கிடந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் அழுகை வரும். ஏனென்று கேட்டால் கோபம் வரும்.

காக்கா வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "காத்தோட சேந்து ஏதோ ஒண்டு புடிச்சிரிக்கி. ஓதிப் பாக்கிற மனிசனிட்டக் கொண்டு போவம்."

சாகாமத்துக் குளத்துப் பக்கம் அப்படி ஒருவர் இருந்தார். காக்காவும் கடையில் வேலை செய்த இருவரும் என்னை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்த மனிதர் சாம்பிராணிப் புகையில் என் முகத்தை அமுக்கிப் பிடித்தார். மிளகாயும் போட்டார். என்னைப் பிடித்திருக்கும் ஜின்னிடம் பெயர் கேட்டார். எனக்குச் சாதாரணமாகவே சொல் வராது. வராதபோது பிரம்பால் முதுகில் விளாசினார். காக்கா என் கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இது இரண்டு நாள் நடந்தது.

மூன்றாம் நாள் காலையில் றஹீமா வந்தாள். தனியாக பஸ் ஏறி, இறங்கிக் குளக்கட்டு நெடுகிலும் நடந்து வந்திருந்தாள். செருப்பெல்லாம் சேறு. வாசலில் நின்று என் முதுகைப் பார்த்தாள்.

"பொம்பிள, உள்ளுக்கு வராத" என்று காக்கா கத்தினார்.

"வந்திட்டன்" என்றாள். பிறகு அந்த ஓதுகிற மனிதரைப் பார்த்துச் சொன்னாள். "பேயுமில்ல, ஜின்னுமில்ல. இவருக்கு அழுக வருது. அழ உடுங்க. அதுக்குப் பிரம்பு வேணுமா?" என்னிடம், "எழும்புங்க, ஊட்ட போவம்" என்றாள்.

நான் எழும்பினேன். மாதக்கணக்கில் எழும்பாதவன் அன்றைக்குக் குளக்கட்டு முழுவதும் நடந்தேன்.

4

அதற்குப் பிறகு என்னை ஊரில் வைத்திருக்க வாப்பாவுக்கும் காக்காவுக்கும் விருப்பமில்லை. இங்கிலாந்தில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். படிக்கப் போகிறான் என்று ஊருக்குச் சொல்லி, எண்பதில் என்னை விமானம் ஏற்றினார்கள். றஹீமா என் பெட்டியை அடுக்கித் தந்தாள். "கூப்பிட்டா வந்திருவன்" என்றாள்.

கூப்பிட முடியவில்லை. படிப்பு எனக்கு ஓடவில்லை. பாண் தொழிற்சாலையில் சேர்ந்தேன். குடிவரவு அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக ஏதாவது ஒரு பத்திரம் கேட்பார்கள். அதைக் கொண்டுபோனால் முந்தியது காலாவதி ஆகிவிட்டது என்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒருமுறை, "மனைவியை அழைக்க வேண்டிய அவசரம் என்ன?" என்று கேட்டார். எனக்குச் சொல் வரவில்லை. கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். காவலாளி என்னை வெளியே கொண்டுவந்து விட்டான். அந்த விண்ணப்பம் அதோடு முடிந்தது.

அதற்குள் ஊரில் றஹீமாவின் சகோதரர்கள் காதி நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். கணவன் புத்தி சுயாதீனமில்லாதவன், மனைவியை விட்டுப் போய்விட்டான் என்று அவளுடைய பெயரில் விவாகரத்துக் கேட்டார்கள். எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. எனக்கு விசர் என்று காதியாரின் முன் சாட்சி சொன்னவர் என்னுடைய காக்கா. நான் மறுத்துச் சொல்ல அங்கே இல்லை. றஹீமாவிடம் யாரும் கேட்கவில்லை. மலடி என்ற பெயரோடு இருந்தவளுக்கு வேறு மாப்பிள்ளை எங்கே கிடைக்கும்? மனைவியை இழந்த, வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஒரு வயதான வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தி கிடைத்த வாரம், தொழிற்சாலையில் பாண் இயந்திரப் பட்டியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் அழத் தொடங்கினேன். நிற்பாட்ட முடியவில்லை. மேற்பார்வையாளர் டொக்டரிடம் அனுப்பினார். அந்த டொக்டர் என் பெயரைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், ஊர் நினைவு என்று சொல்லிவிட்டார். "உங்கள் ஆட்களுக்கெல்லாம் இது வரும்" என்று தூங்குவதற்கு மாத்திரை எழுதித் தந்தார். ஒரு வருடத்துக்கு மேல் அதை விழுங்கினேன். சாகாமத்தில் ஜின், இங்கே ஊர் நினைவு. இரண்டு பேருமே என் உடம்பைப் பார்க்கவில்லை.

எண்பத்து மூன்றில் அந்த டொக்டர் விடுமுறையில் போயிருந்தபோது வேறொரு டொக்டர் இருந்தார். வயதானவர், மெதுவாகக் கதைப்பவர். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். இல்லை, மனைவியும் இப்போது இல்லை என்றேன்.

"பிள்ளை இல்லாததற்கு யாராவது உங்களைப் பரிசோதித்தார்களா?"

"என் மனைவியைப் பரிசோதித்தார்கள்."

"உங்களை?"

"என் மனைவியைத்தான்" என்று மறுபடியும் சொன்னேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். சேர்ட்டைக் கழற்றச் சொன்னார். ஒருவர் என் சேர்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. இரத்தம் எடுத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சில வாரங்கள் கழித்துக் கூப்பிட்டு, ஒரு தாளில் படம் கீறி விளக்கினார். மனித உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் நாற்பத்தாறு நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், இருக்கின்றன. எனக்கு நாற்பத்தேழு. ஆணுக்கு இருப்பது எல்லாம் இருக்கிறது, அதோடு பெண்ணுக்கு உள்ளதில் ஒன்று கூடிவிட்டது. தாயின் வயிற்றில் கருத்தரிக்கும்போதே தற்செயலாக நடந்தது. யார் செய்த தவறும் இல்லை. பரம்பரையாக வருவதும் இல்லை. உயரம், மீசை வராதது, நெஞ்சு, பிந்தி வந்த பேச்சு, சொல்லுக்கு முந்தி வரும் கோபம், பாயில் கிடந்த மாதங்கள், இவையெல்லாம் இப்படிப்பட்டவர்களிடம் அவர்கள் கண்டவைதான் என்றார். இது இருப்பது தெரியாமலே எத்தனையோ ஆண்கள் வாழ்ந்து முடித்துவிடுகிறார்களாம்.

"பிள்ளை?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். "உங்கள் மனைவிக்கு ஒரு குறையும் இருந்திருக்காது."

அந்த அறையை விட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். பஸ்கள் வந்து போயின. சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்தும் றஹீமாவின் முகம்தான் கண்ணுக்கு முன் நின்றது.

5

ஊசி என்னை வேறு மனிதனாக்கிவிட்டது என்று எழுதினால் பொய். ஆண் உடம்பில் தானாகச் சுரக்க வேண்டிய ஓமோனை ஊசியால் கொடுக்கிறார்கள். உடம்புக்குப் பலம் வந்தது, முகத்தில் கொஞ்சம் மயிர் வந்தது. பாயில் கிடக்கும் காலங்கள் குறைந்தன. ஊசி போட்ட முதல் நாட்களில் கோபம் கூடத்தான் செய்கிறது. அடுத்த ஊசி நெருங்கும்போது மனம் இருட்டுகிறது.

அதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணியிடம் போகச் சொன்னார்கள். மனதைப் பற்றிக் கதைக்கும் வேலை அவருக்கு. முதல் நாளே எனக்கும் அவருக்கும் மொழி உதைத்தது. கோபம் வரும்போது என்ன நடக்கும் என்று கேட்டார். தலை சுடும் என்றேன். அவர் எழுந்து போய் வெப்பமானியைக் கொண்டுவந்தார். கோபம் எனக்கு வருகிறது என்றேன். "எங்கேயிருந்து?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் கோபம் வருவதில்லை, நான்தான் கோபமாக இருக்க வேண்டும். உள்ளே ஆறாமல் வேகும் மனக்குமுறலை நாங்கள் சொல்லும் வெப்பிசாரம் என்ற சொல்லுக்கு இரண்டு வாரம் போராடினேன். துக்கம் என்றால் இல்லை, வேதனை என்றாலும் இல்லை. கடைசியில் அந்தச் சொல்லையே தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஆனால் நல்ல மனிசி. "வருகிறது என்றால் வருவதை நீங்கள் பார்க்கலாம்தானே" என்றார். அப்படிப் பார்க்கப் பழகினேன். முதலில் நாக்குத் தடிக்கும், பிறகு காது அடைக்கும், பிறகு கை குளிரும். நாக்குத் தடிக்கும்போதே, "எனக்குக் கொஞ்சம் நேரம் தாருங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நடக்க வேண்டும். ஒரு பெரிய மனிதனுக்கு இதைப் படிக்க இரண்டு வருடம் சென்றது. பள்ளிக்கூடத்தில் யாராவது படிப்பித்திருந்தால் இரண்டு மாதம் சென்றிருக்கும்.

நான் அழுதது, எறிந்தது, படுத்துக் கிடந்தது எல்லாம் அந்தக் கூடுதலான ஒன்றினால்தானா என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "இதில் எவ்வளவு நிறமூர்த்தம், எவ்வளவு பிரம்பு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது."

6

எண்பத்தாறில் ஊருக்குப் போனேன். வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊருக்குள் நுழைவதற்கு முன் பல சோதனைச் சாவடிகள். ஓர் இடத்தில் சிப்பாய் ஒருவன் என் பையிலிருந்து ஊசி மருந்துக் குப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எனக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம்தான். "பெஹெத், பெஹெத்" என்றேன். மருந்து என்று அர்த்தம். என்ன வருத்தத்துக்கு என்று கேட்டான். அதைச் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் துணிவிருக்கவில்லை. சீனி வருத்தம், இன்சுலின் ஊசி என்று சொல்லித் தப்பினேன்.

காக்காவுக்கு மூன்று மகள்மார். என்னை நன்றாகத்தான் உபசரித்தார். சாப்பிட்டு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். டொக்டர் கீறிக் காட்டியதுபோல் நானும் ஒரு தாளில் கீறிக் காட்டினேன். றஹீமாவில் குறையில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றேன்.

காக்கா தாளை எடுத்துக் கசக்கினார்.

"உனக்கு விசர் எண்டு செல்லி வெச்சிரிக்கம். அது வருத்தம், அல்லாஹ் தந்தது, ஆரும் ஒண்டும் செல்ல மாட்டாங்க. ஆம்பிளையில கொறை எண்டா, அது ரெத்தம் எண்டு செல்லுவானுகள். எனக்கு மூணு கொமரு இரிக்கி."

"இது பரம்பரையா வாறதில்ல காக்கா. டொக்டர் தெளிவாச் சொன்னார்."

"மாப்புள ஊட்டுக்காரனுக்கு உன்ட டொக்டர் வந்து செல்லுவாரா? அவள்தான் இன்னொருத்தனோட போய்ட்டாளே. இனி அவளுக்கு என்ன பேர் இரிந்தா உனக்கென்ன?"

என் நாக்குத் தடித்தது. எழுந்து வெளியே போனேன். கடற்கரைக்குப் போய், தோணிகளுக்குப் பக்கத்தில் நெடுநேரம் நடந்தேன். என் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளும் காதியாரின் முன் திறந்த அந்த வாயும் நினைவுக்கு வந்தன. திரும்பி அவரிடம் போகவில்லை. றஹீமாவின் வீட்டுக்குப் போனேன்.

அவளுடைய கணவர் நிந்தவூரில் இருக்கும் தன் கடைக்குப் போயிருந்தார். விறாந்தையில் மாமி கட்டிலில் கிடந்தார், மிகவும் மெலிந்திருந்தார். றஹீமா எனக்கு இப்போது அந்நியப் பெண். ஆகவே பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். அவள் பழையபடி முழுவதையும் பொறுத்துக் கேட்டாள்.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். "பாவம், புடிச்சது இன்னும் உட்டுப் போகல்ல. வெள்ளக்காரன்ட ஊருக்குப் போயும் போகல்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து றஹீமா கேட்டாள். "வெள்ளக்காரன் இத எப்ப கண்டுபுடிச்ச?"

"நாம ரெண்டு பேரும் சின்னப் புள்ளையா இரிக்கக்குள்ள."

சேலைத் தலைப்பு கதவிடுக்கிலிருந்து மறைந்தது.

"அப்ப நான் சிரட்டையில குடிக்கக்குள்ள, இது ஒரு கிதாபுல எழுதி இரிந்திரிக்கி."

"ஓம்."

"ஒரு ஊசி இரத்தம். அவ்வளவுதான்?"

"ஓம்."

கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். தலைமயிர் முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேரே வேலிக்குப் போய் அந்தப் பக்கத்துப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். பலர் எனக்குத் தெரிந்த முகங்கள். மாமி, "என்னடி செய்றாய், மானத்த வாங்காத" என்று கட்டிலிலிருந்து கையை ஆட்டினார்.

"இப்ப செல்லுங்க" என்றாள் என்னிடம். "எனக்குச் சென்னதப் போல செல்லுங்க."

பள்ளிக்கூடத்தில் சேர்ட்டைக் கழற்றியபோது நின்றதுபோல அந்த முற்றத்தில் நின்றேன். இந்த முறை நானாகவே கழற்ற வேண்டியிருந்தது. கை குளிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, பிறகு சொன்னேன். பிள்ளை கிடைக்காததற்குக் காரணம் நான். பிறக்கும்போதே என் உடம்பில் ஒன்று கூடுதலாக இருந்திருக்கிறது. றஹீமாவில் எந்தக் குறையும் இருக்கவில்லை, டொக்டர் சொன்னார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "அப்ப கொறை இவரிலயா?" என்று கேட்டாள். றஹீமா, "கேட்டிங்கதானே" என்றாள். "இனி என்ட வாசல்ல அந்தப் பேரச் செல்லப்படாது."

அவர்கள் வேலியைத் தாண்டிப் போகும் முன்பே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று பின்னேரமே ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. பாதிப்பேர் நம்பவில்லை, விசர் இன்னும் மாறவில்லை என்றார்களாம். காக்கா அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அவருடைய மூன்று மகள்மாருக்கும் ஒரு தடையும் இல்லாமல் கலியாணம் நடந்துவிட்டது.

அந்த முற்றத்தில் கடைசியாக நானும் றஹீமாவும் மட்டும் நின்றோம், மாமி கட்டிலில் கிடந்தார். அவளிடம் எனக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தன. அவள் பொறுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

"நீங்க போகலாம்" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்த யாரையும் எங்கள் ஊரில் வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து வெளியே வரும்வரை, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.